சத்துவாச்சாரிப் பையனுக்கு ஒரு டப்பா கிரியேட்டின்: 79 நாள் பயன்பாட்டுக்குப் பின்

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. பதின்மூன்று வயது முதல் எங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் பளு தூக்குகிறான். கடந்த தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் வேலூர் நகரத்துக் கடை ஒன்றில் பளு தூக்குகிறவர்கள் வலிமைக்காக எடுக்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மாவு 250 கிராம் டப்பா ஒன்றை அவனுக்காக 750 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது சென்ற வாரம் தீர்ந்துவிட்டது. அந்த மாவைப் பற்றியும், அது எங்கள் வீட்டில் செய்ததையும் செய்யாததையும் பற்றியும், அதை விற்ற கடையைப் பற்றியும், பளு தூக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. அதே அலமாரியில் அடுக்கியிருக்கும் உள்நாட்டு டப்பாக்களில் பெரும்பாலானவற்றுக்கும் நான் சொல்வது பொருந்தும். நான் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறவள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் இந்தப் பொருளை நான் பார்த்த கண் அதுதான்.

டப்பாவை வாங்குவதற்கு முன்பே ஒரு சண்டை நடந்துவிட்டது. மார்கழியில் ஒரு நாள், மகனின் பையில் ஒரு கண்ணாடிக் கவரில் வெள்ளை மாவு இருந்தது. அவன் கூடுதல் பயிற்சிக்குப் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில், பெரிய டப்பாவிலிருந்து பிரித்து, நூறு கிராம் முந்நூறு ரூபாய் என்று லூசில் கொடுத்திருக்கிறார்கள். பெயர் இல்லை, தயாரித்த தேதி இல்லை, உரிம எண் இல்லை. "எல்லாரும் இதத்தாம்மா போடறாங்க" என்றான். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பெயர் ஒட்டாத ஒரு சிறுநீர்க் குப்பியைக்கூட நாங்கள் ஏற்பதில்லை. பெயர் ஒட்டாத மாவை என் பிள்ளை விழுங்குவதை எப்படி ஏற்பேன்? அதைக் கொட்டிவிட்டேன். ஆனால் கொட்டிய பிறகு, அவன் கேட்ட பொருள் உண்மையில் என்ன என்பதை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டிய கடன் எனக்கு வந்து சேர்ந்தது.

கிரியேட்டின் ஊக்கமருந்தும் இல்லை, ஹார்மோனும் இல்லை. 1832-இல் மிஷேல் யூஜீன் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு நம் சிறுநீரகமும் கல்லீரலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கிரியேட்டினைத் தாமே செய்துகொள்கின்றன. உடலில் உள்ளதில் 95 சதவீதம் தசைகளில் இருக்கிறது. தசை சுருங்குவதற்குச் செலவாகும் எரிபொருளாகிய ஏ.டி.பி., முழு விசையோடு ஒரு பாரத்தைத் தூக்கினால் சில நொடிகளில் குறைந்துபோகும். அப்போது பாஸ்பேட்டோடு சேர்ந்து காத்திருக்கும் கிரியேட்டின் அந்தப் பாஸ்பேட்டைக் கொடுத்து, செலவானதை உடனே மீட்டுத் தருகிறது. பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச் எடுப்பவனுக்கும், நூறு மீட்டர் ஓடுகிறவனுக்கும், கபடியில் முப்பது நொடி ரெய்டு போகிறவனுக்கும் இது உதவுவதன் காரணம் அதுதான். நீண்ட தூர ஓட்டக்காரருக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை, கூடும் உடல் எடைதான் மிச்சம்.

மாவாக உண்டால் தசையில் அதன் இருப்பு கூடுகிறது என்பதை 1992-இல் ஹாரிஸ், சோடர்லுண்ட், ஹல்ட்மன் ஆகியோர் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்து நிறுவினார்கள். அதன் பிறகு இத்துறையில் இவ்வளவு ஆராயப்பட்ட துணை உணவு வேறு இல்லை என்றே சொல்லலாம். சைவ உணவுக்காரர்களின் தசையில் இருப்பு இயல்பாகவே குறைவு என்பதால் அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிகிறது. நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், பச்சை இறைச்சி ஒரு கிலோவில் நான்கு ஐந்து கிராம் கிரியேட்டின் இருக்கும். சமைக்கும்போது அதிலும் கொஞ்சம் குறையும். ஆம்பூர் பிரியாணி ஒரு தட்டில் நூற்றைம்பது கிராம் கறி வந்தால் அதிலிருந்து கிடைப்பது ஒரு கிராமுக்கும் குறைவு. தினம் மூன்று கிராம் வேண்டுமானால் முக்கால் கிலோ கறி தின்ன வேண்டும், எந்த வீட்டில் முடியும்? மாவு என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை அந்தக் கணக்குப் போட்டபோதுதான் ஒப்புக்கொண்டேன்.

இனி டப்பா. மூடியைத் திருகியதும் உள்ளே ஒட்டிய அலுமினியத் தாள் கிழியாமல் இருந்தது. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் மாவின் மேலேயே கிடந்தது, கரண்டி மாவுக்குள் புதைந்திருந்தது. பச்சை வட்டம் இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருந்தது. தொகுதி எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் அச்சாகியிருந்தன. உட்பொருள் என்ற இடத்தில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே ஒரு பெயர். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒற்றை வரிதான். பழச்சுவை சேர்த்தவை, ஐந்தாறு பொருள்களைக் கலந்து "எக்ஸ்ட்ரீம்" என்று பெயரிட்டவை, மோனோஹைட்ரேட்டைவிட உயர்ந்தது என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் ஹைட்ரோகுளோரைடு வகைகள் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. சாதா மோனோஹைட்ரேட்டை அவை மிஞ்சுகின்றன என்பதற்குத் தகுந்த சான்று இல்லை.

அந்த டப்பாவில் குறை என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. வேலூரில் விற்கும் ஒரு பொருளில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உகந்ததன்று என்ற எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் அது கடுகளவு எழுத்தில் காலாவதித் தேதிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. முன்பக்கத்திலோ முறுக்கேறிய ஒரு கையின் படம் பாதி டப்பாவை அடைத்துக்கொண்டிருக்கிறது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் இல்லை. கிரியேட்டினைத் தொழிற்சாலையில் சார்கோசினையும் சயனமைடையும் வினைபுரியச் செய்து தயாரிக்கிறார்கள். அந்த வினை சரியாக முடியாவிட்டாலும், பின்னர் சரியாகக் கழுவப்படாவிட்டாலும் டைசயன்டைஅமைடு போன்ற எச்சங்கள் மாவில் தங்கும். ஆகவே தூய்மை என்பது விளம்பரச் சொல்லாக மட்டும் இருக்கக் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2004-இல் தந்த கருத்துரையில், நாளொன்றுக்கு மூன்று கிராம் வரை கவலைக்கு இடமில்லை என்று சொன்னபோதே, மாவு குறைந்தது 99.95 சதவீதம் தூயதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. ஜெர்மனியில் தயாராகும் கிரியாப்யூர் என்ற மூலப்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பெயரை டப்பாவிலேயே போட்டுக்கொள்கிறார்கள். இந்த டப்பாவில் அப்படி எதுவும் இல்லை.

கரண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கரண்டி மூன்று கிராம் என்று அச்சிட்டிருந்தது. முதல் இரண்டு வாரம் மகன் குவித்தே அள்ளிப் போட்டுக்கொண்டான், நானும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு நாள் தோடு பழுதுபார்க்க லாங்கு பஜாருக்குப் போனபோது, டப்பாவையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு போய், எங்களுக்குப் பழக்கமான நகைக்கடைக்காரரிடம் நிறுத்துத் தரச் சொன்னேன். மில்லிகிராம் காட்டும் கண்ணாடிப் பெட்டித் தராசில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துச் சுழியாக்கிவிட்டு, மகன் அள்ளுவதுபோல் குவித்து ஒரு கரண்டி கொட்டினேன்: 3.910. காகிதத்தைத் துடைத்து, கரண்டியின் வாயை ஒரு அட்டையால் வழித்துச் சமமாக்கிக் கொட்டினேன்: 3.020. மூன்று முறை செய்தும் சில்லறை வித்தியாசந்தான். ஆகக் கரண்டியின் அளவில் பிழை இல்லை, அதை வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று எங்குமே எழுதாததுதான் பிழை. கிட்டத்தட்ட ஒரு கிராம் கூடுதல் என்பதால் ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. ஆனால் 83 நாள் வர வேண்டிய டப்பா 79 நாளில் தீர்ந்ததற்கு அந்தக் குவியல்தான் காரணம். அன்று முதல் ஒரு பழைய திருமண அழைப்பிதழின் துண்டு டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது.

மாவு மணமற்றது, ஏறக்குறைய சுவையற்றது. குளிர்ந்த நீரில் கரையாமல் டம்ளரின் அடியில் மணலாகத் தங்கிவிடுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் 14 கிராம் அளவுதான் கரையும் என்பதால், மூன்று கிராமுக்குக் கால் லிட்டராவது வேண்டும். வெதுவெதுப்பான நீர் என்றால் எளிது. கரைத்ததை வைத்திருந்து மறுநாள் குடிக்கக் கூடாது. நீரில் அது மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக மாறிவிடும், எலுமிச்சைச் சாறுபோன்ற புளிப்பில் இன்னும் விரைவாக மாறும். உலர்ந்த மாவோ வேலூர் வெயிலையும் தாங்கும், ஈரக்கை மட்டும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். வயிற்றுப்போக்கோ உப்புசமோ மகனுக்கு வரவில்லை. ஒரே நேரத்தில் பத்துக் கிராம் போடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வயிறு கலங்குகிறது.

தினமும் இருபது கிராம் வீதம் ஐந்து முதல் ஏழு நாள் போட்டுத் தசையை நிரப்பும் முறையைக் கடைக்காரர் வற்புறுத்தினார். நாங்கள் அதைச் செய்யவில்லை. நாளுக்கு மூன்று கிராம் என்று 28 நாள் எடுத்தாலும் தசையில் அதே அளவு சேர்ந்துவிடும் என்பது 1996-லேயே காட்டப்பட்டுவிட்டது. அவசரப்பட்டால் டப்பாதான் சீக்கிரம் தீரும்.

பலன் என்ன? மகன் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவன். தை மாதத்தில் 120 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் ஐந்து செட்டும் ஐந்தைந்து முறை எடுக்க முயன்றால், கடைசிச் செட்டில் மூன்றோடு நின்றுவிடும். ஆறாவது வாரத்தில் ஐந்து செட்டையும் முழுமையாக முடித்தான். பளுவை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவனது உச்ச எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. இதில் மாவின் பங்கு எவ்வளவு, மாஸ்டர் அந்த மாதங்களில் மாற்றிக்கொடுத்த அட்டவணையின் பங்கு எவ்வளவு, கல்லூரித் தேர்வு முடிந்து நன்றாகத் தூங்கியதன் பங்கு எவ்வளவு என்று ஒரு பையனின் நோட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வுகள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்: ஒரே ஒரு தூக்கில் அதிசயம் நிகழ்வதில்லை, அடுத்தடுத்துச் செய்யும் கடும் முயற்சிகளில், கடைசி இரண்டு முறை கூடுதலாகச் செய்ய முடிகிறது, அந்தக் கூடுதல் பயிற்சி மாதக்கணக்கில் சேர்ந்து வலிமையாகிறது. பயிற்சி இல்லாதவனுக்கு இந்த மாவு தரக்கூடியது தசைக்குள் கொஞ்சம் தண்ணீர் மட்டுமே.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பளு தூக்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தொடங்கியபோது மகனின் எடை 71.4 கிலோ. மூன்றாவது வார முடிவில் 72.6. உணவில் மாற்றம் இல்லை. கிரியேட்டின் தசைக்குள் நீரை இழுத்துக்கொள்வதால் ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை கூடுவது இயல்பு. வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது உடம்பு தேறியதாகத் தெரியும், எடைப்பிரிவில் போட்டியிடுகிறவனுக்கோ அது தலைவலி. சர்வதேச விதிப்படி எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கும். பிரிவின் வரம்பை அரைக் கிலோ தாண்டியிருந்தால் அந்த நேரத்துக்குள் எப்படியாவது குறைத்தாக வேண்டும். "இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கணும்மா" என்று மாஸ்டர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் சொன்னது சரி. பயிற்றுநருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை கிரியேட்டின் எடுக்கக் கூடாது, போட்டிக்கு இரண்டு மாதத்துக்குள் புதிதாகத் தொடங்கவே கூடாது. நிறுத்தினாலும் தசையில் சேர்ந்தது பழைய நிலைக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். 1997-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, கிரியேட்டின்தான் காரணமோ என்று பெரிய சந்தேகம் எழுந்தது. விசாரித்துப் பார்த்ததில் தெரிந்தது வேறு. எடையைக் குறைப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல், காற்றுப் புகாத உடையை மாட்டிக்கொண்டு, சூடான அறையில் கடுமையாகப் பயிற்சி செய்து, நீரிழப்பாலும் உடல் வெப்பம் ஏறியதாலும் அந்தப் பிள்ளைகள் மாண்டிருந்தார்கள். நம் ஊரிலும் போட்டி நெருங்கினால் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கோட்டை மைதானத்தைச் சுற்றி ஓடும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. முறையாக நீர் குடிக்கிறவனுக்குக் கிரியேட்டினால் நீரிழப்போ தசைப்பிடிப்போ கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மாவால் கூடிய ஒன்றரைக் கிலோவை மழைக்கோட்டுக்குள் வியர்த்துக் கரைக்க முயலும் பையனுக்கு அந்த ஆறுதல் எதற்கு உதவும்? எங்கள் வீட்டில் முடிவு எளிது: எடை கூடினால் மேல் பிரிவில் தூக்கட்டும், தோற்றாலும் பரவாயில்லை.

அடுத்தது சிறுநீரகம். வேலூரில் வளர்ந்தவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த உறுப்பாக இருக்க முடியாது. இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் இவ்வூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் நடந்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் விடுதி அறைகளில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்களை நாங்கள் தினமும் தெருவில் பார்க்கிறோம். ஆகவே "பவுடர் போட்டா கிட்னி போயிடும்" என்று என் மாமியார் சொன்னபோது, அது அறியாமையால் சொன்னது என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

நான் தெரிந்துகொண்டது இது. கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. பெயர் ஒரே எழுத்தில் வேறுபடுவதால் குழப்பம் தொடங்குகிறது. தசையிலுள்ள கிரியேட்டினில் நாளுக்கு ஒன்று இரண்டு சதவீதம் தானாகச் சிதைந்து கிரியேட்டினின் என்ற கழிவாகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. அது இரத்தத்தில் தேங்கினால் வடிகட்டி பழுதாகிறது என்று ஊகிக்கிறோம். ஆனால் கிரியேட்டின் மாவு எடுப்பவனுக்கும், தசை அதிகம் உள்ளவனுக்கும், முந்தின நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவனுக்கும் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் கூடிக் காட்டும். மகனுக்குத் தொடங்கும் முன் 0.9 ஆக இருந்தது, எட்டாவது வாரத்தில் 1.2 ஆயிற்று. எங்கள் அறிக்கையின் வரம்புக்குள்தான், இருந்தாலும் என் கையால் இயந்திரத்தில் வைத்த குழாயில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருத்துவரிடம் போய் மாவு எடுப்பதை மறைக்காமல் சொன்னேன். தசையின் அளவைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை எடுக்கச் சொன்னார். அது முற்றிலும் இயல்பாக வந்தது.

1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு குறிப்புதான் இந்த அச்சத்தின் ஊற்று. 25 வயது ஆண் ஒருவருக்குக் கிரியேட்டின் எடுத்தபோது சிறுநீரகச் செயல்பாடு குறைந்து, நிறுத்தியதும் மீண்டது. அவருக்கு முன்பே சிறுநீரக நோய் இருந்தது என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆரோக்கியமானவர்களிடம் உரிய அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிறுநீரகம் கெட்டதாகத் தெரியவில்லை. எனவே சர்க்கரை நோயோ, இரத்த அழுத்தமோ, சிறுநீரகக் குறையோ உள்ளவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் தொடங்கும் முன் ஒரு முறை கிரியேட்டினின் பார்த்து வைத்துக்கொள்வது நூறு இருநூறு ரூபாய்ச் செலவுதான். பின்னால் எண் ஏறினால் ஒப்பிட ஒரு பழைய எண் கையில் இருக்கும்.

முடி கொட்டுமா என்பதை மகன்தான் அதிகம் கவலைப்பட்டுக் கேட்டான். 2009-இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் செய்த ஒரு சிறு ஆய்வில், முடி உதிர்வோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு ஹார்மோன் கூடியதாகத் தெரிந்தது. முடி கொட்டியதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை.

இனி என் அக்கா மகன். அவனுக்குப் பதினைந்து. பள்ளி மாணவர்கள் பிரிவில் தூக்குகிறான். அண்ணனின் டப்பாவைப் பார்த்துவிட்டு, "சித்தி, எனக்கும் ஒண்ணு" என்றான். கடைக்கு நாங்கள் மூவரும் சேர்ந்துதான் போயிருந்தோம். அங்கே வேலை பார்த்த இளைஞர் அவனுடைய வயதைக் கேட்கவே இல்லை. மெலிந்த உடம்பைப் பார்த்துவிட்டு, கிரியேட்டினோடு, உடல் எடையைக் கூட்டும் ஒரு மாஸ் கெய்னர் மாவும், பயிற்சிக்கு முன் குடிக்கும் ஒரு பிரீ ஒர்க்அவுட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார். பிரீ ஒர்க்அவுட் டப்பாவில் ஒரு கரண்டிக்கு 300 மில்லிகிராம் கஃபீன் என்று போட்டிருந்தது. மூன்று கோப்பை கடுங்காப்பிக்குச் சமமான அதை, ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நீட்டுவதற்கு ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. வயதைச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றார். இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் குறைப்பது இந்த ஒரு பதிலுக்காகத்தான். மற்றபடி பில் கொடுத்தார்கள், காலாவதித் தேதி தள்ளியிருக்கும் டப்பாவையே எடுத்துக் கொடுத்தார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே கிரியேட்டின் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு சொல்கிறது. சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் சற்று இறங்கி வந்து, பருவமடைதலைக் கடந்து, முறையான பயிற்சியிலும் போட்டியிலும் ஈடுபட்டு, நல்ல உணவு உண்டு, பெற்றோரும் பயிற்றுநரும் அறிய, அளவு மீறாமல் எடுக்கும் இளையோருக்கு இடம் தருகிறது. இரண்டையும் படித்தேன். பதின்வயதினரிடம் நடந்த ஆய்வுகளில் தீங்கு எதுவும் தென்படவில்லை என்பது உண்மை. அவை சிலரை வைத்துச் சில வாரங்களே நடந்தவை என்பதும் உண்மை. ஆனால் என் தீர்மானத்துக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை. அக்கா மகன் காலையில் எதுவும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகிறான், இரவு பன்னிரண்டு மணி வரை கைப்பேசி பார்க்கிறான், தூக்கும் முறையே இன்னும் படியவில்லை. அந்த வயதில் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாலே தூக்கும் எடை ஏறும். கிரியேட்டின் ஒரு நாளைக்கு ஒன்பது ரூபாய் ஆகிறது, ஒரு முட்டையின் விலையைவிடச் சற்று அதிகம். அவனுக்கு அந்தப் பணம் முட்டைக்கும், வேர்க்கடலைக்கும், அவன் பாட்டி கிண்டும் கேழ்வரகுக் களிக்கும் போகட்டும். அவன் முகம் வாடியது. சத்துவாச்சாரியில் பிறந்த பையன்கள் எல்லாரும் இவ்வூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற கதையைக் கேட்டு வளர்கிறவர்கள். ஆசைப்படுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதினெட்டு முடியட்டும், நானே வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லை. ஆனால் டப்பாவுக்குள் கிரியேட்டின் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொல்வது? ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய, ஹார்மோன் கலந்தது என்று எழுதப்படாத 634 துணை உணவுகளைச் சோதித்தபோது, 94-இல், அதாவது 14.8 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டுப் பொருள்கள் இருந்தன. அந்த ஆய்வு இருபது ஆண்டுகளுக்கு முந்தியது என்றாலும், ஒரே இயந்திரத்தில் பல மாவுகளை மாற்றி மாற்றி அடைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. விதியோ கடுமையானது: உடலில் தடைப்பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பொறுப்பு வீரனுடையது. தெரியாமல் கலந்திருந்தது என்று நிரூபித்தால் தண்டனை குறையலாம், ஆனால் அதை நிரூபிக்கும் சுமையும் அந்தப் பிள்ளையின் தலையில்தான். உலக முகமையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 பிடிபட்டிருக்கின்றன. கிரியேட்டினால் பிடிபட்டவர்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. எவ்வளவு கவனமாக இருக்க வேண்டிய களத்தில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் என்ற முத்திரைகள் உள்ள பொருள்களைத் தடைப்பொருள்களுக்காகத் தனியே சோதிக்கிறார்கள். அவற்றின் விலை கூடுதல். எங்கள் டப்பாவில் அப்படி எந்த முத்திரையும் இல்லை. மகன் இதுவரை மாவட்ட அளவில்தான் தூக்குகிறான் என்பதால் நான் அதைப் பொறுத்துக்கொண்டேன். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தால் இந்த டப்பாவை வாங்கியிருக்க மாட்டேன்.

மாவுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், டப்பாவுக்கு இரண்டரை, கடைக்கு இரண்டு.

டப்பா தீரும் நேரத்தில், அதன் மேல் இருந்த மின்னஞ்சல் முகவரிக்குத் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு, அந்தத் தொகுதியின் சோதனை அறிக்கையைக் கேட்டு எழுதினேன். ஆறு நாள் கழித்துப் பணிவான ஒரு பதிலும், ஒரு பக்க அறிக்கையும் வந்தன. தூய்மை 99.9 சதவீதம், ஈயம், ஆர்சனிக் எல்லாம் வரம்புக்குள். எங்கள் கூடத்துப் பழக்கத்தில் எண்களைப் பார்க்கும் முன் தலைப்பைப் பார்த்தேன். அதிலிருந்த தொகுதி எண் எங்கள் டப்பாவின் எண் இல்லை, தேதியும் எங்கள் மாவு தயாராவதற்கு ஏழு மாதம் முந்தியது. திரும்ப எழுதியிருக்கிறேன். சரியான அறிக்கை வந்தால் இதே டப்பாவை இன்னொரு முறை வாங்குவேன், வராவிட்டால் முத்திரை உள்ளதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான். அதுவரை மகன் மாவு இல்லாமல்தான் தூக்குகிறான். நேற்றும் ஐந்து செட் முடித்துவிட்டுத்தான் வந்தான்.